கொப்பியில் இருந்த கறுப்புப் புள்ளிகள்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று கிடக்கிறது. பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு அச்சடித்த, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் கொப்பி. மலைநாட்டு ஈரத்தைக் குடித்துப் பக்கங்கள் உப்பிப் போயிருக்கின்றன. அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு கட்டங்கள். திகதி, நேரம், மழை, கரண்ட் போனதா, அப்போது செய்துகொண்டிருந்த வேலை, உடைந்ததா. ஏழாவது கட்டத்துக்கு மட்டும் தலைப்பு இல்லை. சில நாட்களுக்கு நேரே அதில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும், சில நாட்களுக்கு ஒன்றும் இருக்காது. இந்தக் கொப்பி என்னுடையதல்ல. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவன் நான், தரவில்லை. இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். வரிசையில் முதல் ஆள் நானேதான்.

இதை எழுதியவரை நான் இப்போது அக்கா என்று சொல்கிறேன். அப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ராகலைக்கு அப்பால், பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் ஏற வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுப்பவர், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு, நுவரெலியாவில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய் வந்திருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வந்து, அந்தத் தோட்டத்து ஆபிசுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த முதல் பிள்ளை அவர்தான். அதற்கு முன்னால் லயத்து ஆட்கள் ஆபிசுக்கு வந்தால் வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்று பேசுவார்கள். இவரை மட்டும் உள்ளே விட்டதற்குப் பெருந்தன்மை காரணமில்லை. தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திறங்கியதும் மற்றக் கிளாக்கர்மார் அதைத் தொடவே பயந்தார்கள். ஷாக் அடிக்கும், கண் கெடும், ஏதாவது அழிந்தால் பழி வரும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பழி வரும் என்பதில் மட்டும் அவர்கள் கணிப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்த மென்பொருள் அப்போதே கிழடு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. எழுதிய ஆள் எந்த நாட்டுக்கோ போய்ச் சேர்ந்துவிட்டார். நுவரெலியாவில் நான் வேலை பார்த்த சின்னக் கம்ப்யூட்டர் கடைதான் ஐந்தாறு தோட்டங்களில் அதைப் பராமரிக்கப் பொறுப்பெடுத்திருந்தது. தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருடைய விபரமும் அதில் ஒரே கோப்பில் இருந்தது. பெயர், நம்பர், பிறந்த திகதி, வேலைக்குச் சேர்ந்த திகதி, எந்த லயம், அதில் எத்தனையாவது காம்பரா அறை, யார் யாருக்குப் பிள்ளை. அந்தக் கோப்பு அடிக்கடி உடைந்தது. உடைவது என்றால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடும் கொக்கியுமாகக் குப்பை எழுத்துகள் வந்து நிற்கும். கடைசியாகச் சேர்த்த ஆட்கள் காணாமல் போவார்கள். ஒருவருடைய பெயருக்கு நேரே இன்னொருவருடைய வயது வந்து உட்காரும். பழைய பிளாப்பியிலிருந்து மீட்டு, அக்கா ஒவ்வொரு ஆளாக மறுபடி தட்டிச் சேர்ப்பார். இரண்டு கிழமை ஒழுங்காக ஓடும். பிறகு திரும்பவும் உடையும்.

ஒருமுறை உடைந்ததைக் கவனிக்காமல் பட்டியலை அச்சடித்துவிட்டார்கள். நாற்பது வயதுகூட ஆகாத ஒரு பெண்ணுக்கு அதில் அவருடைய மாமியாரின் வயது விழுந்திருந்தது. விடியற்காலைப் பெரட்டில், ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை பட்டியலைப் பார்த்து, "ஒனக்கு வயசு முடிஞ்சிருச்சு, நாளையிலிருந்து வேலைக்குப் பேர் கெடையாது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் கூடையைத் தோளில் போட்டபடியே ஆபிஸ் வாசலில் வந்து நின்று அழுத அழுகைக்குப் பாதித் தோட்டமும் கூடிவிட்டது. அன்று கொழுந்து எடுக்க மலைக்கு யாரும் போகவில்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கோபம். பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டு, இது யார் செய்த வேலை என்று தனக்கு ஒரு கிழமைக்குள் தெரிய வேண்டும் என்றாராம். கவனியுங்கள், என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. யார் என்றுதான் கேட்டார். அந்த யாரைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் கடையிலிருந்து என்னை வரவழைத்தார்கள்.

நான் டை கட்டிக்கொண்டு போனேன். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பத்துக் காம்பரா லயத்தில், நாலாவது காம்பராவில் பிறந்து வளர்ந்தவன் நான். என் அம்மாவும் கொழுந்துதான் எடுத்தார். பெரிய கிளாக்கர் சோசர் வைத்த கோப்பையில் தேநீர் தந்து, "சேருக்கு எந்த ஊரு?" என்று கேட்டபோது, "கண்டிங்க" என்றேன். கண்டியில் நான் ஒன்றரை வருடம் வாடகை அறையில் இருந்து படித்திருந்தேன், அவ்வளவுதான். அவருக்குத் திருப்தி. "தொர கொழும்புக்குப் போயிட்டாரு, வர ரெண்டு நாளாகும். நீங்க ஆறுதலாப் பாருங்க" என்றார். நான் உள்ளே வந்ததும் அக்கா எழுந்து நின்றார். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று முழுக்க அவர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேயிருந்தார். இன்னொரு நாற்காலி கொண்டு வரச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை.

என்னென்னவோ பார்த்தேன். வைரஸ் இல்லை. பிளாப்பிகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது, ஆனால் உடைவது பிளாப்பியில் அல்ல, உள்ளே இருக்கும் கோப்பில். வயரை எலி கடிக்கவில்லை. உடைவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பெரிய கிளாக்கரைக் கேட்டேன், ஒன்றும் நடக்கவில்லை என்றார். அப்போதுதான் அக்கா இந்தக் கொப்பியை மேசையில் வைத்தார். ஆறு மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். இன்றைக்கு எனக்குக் கீழே வேலை செய்யும், பெரிய பெரிய பட்டம் வாங்கிய பிள்ளைகளில் ஒருவர்கூட இப்படி ஒரு பதிவை வைப்பதில்லை. புரட்டிப் பார்த்தேன். உடைந்த நாட்களில் பெரும்பாலானவை மழை நாட்கள். ஈரம்தான் காரணம் என்று நான் மனதுக்குள் முடிவு கட்டுவதைக் கண்டுகொண்டவர்போல, "மழ நாள்லதாங்க கூட ஒடையுது. ஆனா மழ காரணமில்லீங்க சேர்" என்றார். பின்னே என்ன என்று கேட்டேன். அவர் பெரிய கிளாக்கரின் மேசைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தொர வர்ற நேரத்துலதாங்க ஒடையுது. அந்தப் புள்ளியெல்லாம் தொர வந்த நாளுங்க. நீங்களே பாருங்களேன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். துரையின் ராசி, துரையின் கண்ணூறு என்று லயத்துக் கதையை அளக்கிறார் என்று நினைத்தேன். என் அம்மாவும் இப்படித்தான் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அந்த நினைப்பே எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அந்த ரகமில்லை என்று அந்த அறைக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதனால் சத்தமாகச் சொன்னேன்: "பெரிய கிளாக்கர் ஐயா, தொர வந்தா கம்ப்யூட்டருக்கே பயத்துல வேர்த்துருதாமே!" அறையில் எல்லாரும் சிரித்தார்கள். பெரிய கிளாக்கரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அக்காவை ஒரு பார்வை பார்த்து, "அந்தப் புள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளந்தான்" என்றார். அக்கா மேசையில் விரிந்திருந்த கொப்பியை மூடி வைத்தார். அவர் இன்னும் ஏதோ சொல்ல இருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. மாலையில் நான் கிளம்பும்போது கொப்பியைக் கேட்டேன். "இருங்க சேர், இன்னைக்கி வரியையும் எழுதிட்டுத் தாறேன்" என்று நின்றபடியே குனிந்து எழுதிவிட்டுக் கொடுத்தார்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு அறிக்கை எழுதினேன். முதல் வசனம்: மென்பொருளை ஒழுங்காக மூடாமல் மின்சாரத்தை நிறுத்துவதால் கோப்பு சேதமடைகிறது. அது நூற்றுக்கு நூறு சரி. கோப்பு உடைந்திருந்த விதத்தைப் பார்த்தாலே அது தெரியும். இரண்டாவது வசனம்: இது இயக்குபவரின் கவனக்குறைவு. அது பொய். யாருடைய கை நிறுத்தியது என்று நான் பார்க்கவே இல்லை. நாற்காலியில் யார் இருந்தாரோ அவர் கைதான் என்று எழுதிவிட்டேன். துரைக்கு வேண்டியிருந்தது ஒரு ஆள், நான் ஆளைக் கொடுத்தேன். பத்து நாளில் அக்காவை ஆபிசிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பெரிய கிளாக்கருக்குச் சொந்தக்காரர் ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தார். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு அம்மாவோடு மலைக்குப் போனார். அந்த லயங்களில் அதைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. படிச்சுக் கிழிச்சது போதும், கடைசியில இங்கதானே வந்த என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் லயத்திலும் அப்படித்தான் சொல்வார்கள்.

கோப்பு உடைவது நிற்கவில்லை. நான்கு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். நல்ல மழை நாள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். திடீரென்று அறையில் எல்லாரும் எழுந்தார்கள். பெரிய கிளாக்கர் எழுந்த வேகத்திலேயே இடது கையை நீட்டி, கதவுக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த சுவிட்சைக் கீழே தட்டினார். அறை லைட்டும் என் திரையும் ஒன்றாக இருண்டன. துரை உள்ளே வந்தார், யாரையும் பார்க்காமல் டெலிபோனை எடுத்துக் கொழும்போடு இரண்டு நிமிடம் பேசினார், போய்விட்டார். பெரிய கிளாக்கர் சுவிட்சை மேலே தட்டிவிட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்.

"ஐயா, இப்ப ஏன் நிப்பாட்டினீங்க?" என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "என்னத்தங்க சேர்?" என்றார். சுவிட்சைக் காட்டினேன். "ஓ, அதுவா! தொர போன் பேசுறப்ப சத்தம் இருக்கக் கூடாதுங்க. அந்தப் பிரிண்டர் ஒருக்கா இழுத்துக்கிட்டு இருந்தப்ப ஏசிப்புட்டாரு. அதுலருந்து ஜீப்பு வந்தா நிப்பாட்டிருவோம்." அப்படியானால் போன தடவை, உடைவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று நான் கேட்டபோது ஒன்றும் நடக்கவில்லை என்றீர்களே என்றேன். "ஒண்ணும் நடக்கலையே. தொர வந்தாரு, போனாரு" என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை. துரை வந்தால் எழுந்து நிற்பதும் சுவிட்சைத் தட்டுவதும் அவருக்கு ஒரு செயலே அல்ல, மரியாதை. மரியாதையை யாராவது கோளாறு என்று சொல்வார்களா? அந்த ஆபிசில் அதைக் கோளாறாகப் பார்த்த ஒரே கண் அக்காவுடையது.

அன்று இரவு கொப்பியை எடுத்து, உடைந்த நாட்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் புள்ளி இல்லாமல் இல்லை. புள்ளி இருந்தும் உடையாத நாட்கள் இருந்தன. அவையெல்லாம் வெயில் நாட்கள். வெயில் நாளில் கீழ் வளைவில் ஜீப் திரும்பும் சத்தம் ஆபிசுக்குக் கேட்கும். கேட்டதும் அக்கா அவசர அவசரமாக எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்து நின்றிருக்கிறார். மழை நாளில் தகரம் சத்தத்தை விழுங்கிவிடும், உடைந்துவிடும். ஆறு மாதமாக ஜீப்புக்குக் காது கொடுத்துக்கொண்டே அந்தக் கோப்பைக் காப்பாற்றியிருக்கிறார் மனுஷி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெரிய கிளாக்கர் மேல், துரை மேல், அந்தச் சுவிட்ச் மேல். அதைவிட என் மேல். இதைச் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, துரை உள்ளே வந்தபோது நானும் எழுந்து நின்றிருந்தேன். யாரும் என்னை எழுப்பவில்லை. கால் தானாக எழுந்தது.

எல்லாவற்றையும் எழுதிப் போடுகிறேன் என்று கடை முதலாளியிடம் குதித்தேன். அவர் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, "தொரையையும் கிளாக்கரையும் குத்தம் சொல்லி எழுதினா அந்தத் தோட்டம் மட்டுமில்ல, மத்த தோட்டமும் போயிரும். வேற மாதிரி எழுது" என்றார். வேறு மாதிரி எழுதினேன். மின் இணைப்பில் குறைபாடு, கம்ப்யூட்டருக்குத் தனி வயர் இழுத்தால் சரியாகும். இழுத்தார்கள். அதன் பிறகு துரை வந்தால் பெரிய கிளாக்கர் பழையபடி தட்டினார், லைட் மட்டும் அணைந்தது. கோப்பு ஒரு நாளும் உடையவில்லை. துரை என்னைப் பாராட்டிக் கடிதம் அனுப்பினார். அதைக் காட்டித்தான் கொழும்பில் நல்ல வேலைக்குப் போனேன். இயக்குபவரின் கவனக்குறைவு என்று எழுதினேனே, அந்த வசனத்தை அடிக்க நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அக்காவைத் திரும்ப எடுங்கள் என்று எவனும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஒரு லீவு நாளில், ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் அவரைக் கண்டேன். லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நின்றார். விரல்களில் கொழுந்துக் கறை. பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் அவருடைய மகள். அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டு, "சேர் கொட்டகலப் பக்கந்தானேங்க?" என்றார். தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? நீங்க பேசுனதுலயே தெரியுமே. கண்டின்னு சொன்னப்ப நான் பக்கத்துலதானே நின்னேன்" என்று சிரித்தார். நான் எழுந்து இடம் கொடுத்தேன். மகளை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டார்.

நான் பாவமன்னிப்புக் கேட்கிறவன்போல ஆரம்பித்தேன். அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி, துரை வரும்போது பெரிய கிளாக்கர் சுவிட்சைத் தட்டுகிறார், நானே என் கண்ணால் பார்த்தேன் என்றேன். ஏதோ அவருக்குத் தெரியாத ரகசியத்தைக் கொண்டு வந்து கொடுப்பதுபோல. அவர் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. "அது எனக்குத் தெரியுங்க. அதத்தான் ஒங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்க எப்பப் பாத்தீங்க?" என்றார். உங்களை நிறுத்தி நான்கு மாதத்தில் என்றேன். அவர், பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற குரலில் கேட்டார்: "அப்ப நாலே மாசத்துல தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் நீங்க யாருகிட்ட என்னா சொன்னீங்க, தம்பி?" அதுவரை சேர், அந்த இடத்தில் தம்பி. "கொப்பியவாச்சும் குடுத்திருக்கலாம். எங்கப்பா சாகுற வரைக்கும் நாந்தான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டே செத்தாரு. காட்டுறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்றார். கொப்பி பத்திரமாக இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன் என்றேன். "இப்ப யாருக்குக் காட்ட?" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று வீட்டுக்கு வந்து கொப்பியை அனுப்புவதற்காகவே எடுத்தேன். முன்பு நான் போவதற்கு முந்திய நாட்களை மட்டும்தான் பார்த்திருந்தேன். கடைசி வரியைப் பார்த்ததில்லை. அது நான் போயிருந்த நாள், உடையாத நாள், அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று தாண்டிப் போயிருந்தேன். மழை: இல்லை. கரண்ட் போனதா: இல்லை. வேலை: சேர் வந்து பார்த்தார். உடைந்ததா: இல்லை. துரை அன்று தோட்டத்திலேயே இல்லை, கொழும்பில் இருந்தார். இருந்தும் ஏழாவது கட்டத்தில் ஒரு புள்ளி இருந்தது, பேனையை அழுத்தி வைத்து, தாள் பின்பக்கம் புடைக்கிற அளவுக்கு. துரை வந்த நாள் என்று என்னையும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் கொப்பியை என் கையில் கொடுத்திருக்கிறார். நான் அதை அனுப்பவில்லை. இழுப்பறையில்தான் கிடக்கிறது. எப்போதாவது எடுத்தால் மற்றப் பக்கங்களைப் புரட்டுவதில்லை, கடைசிப் பக்கத்தின் பின்பக்கத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்க்கிறேன். அந்தப் புடைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.